தவழும் பிள்ளை, தாவும் பூனை: இருவருக்கும் ஏற்ற வீடு

மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி வந்ததும் பல வீடுகளில் அடுத்த பேச்சு பூனையைப் பற்றித்தான். “பச்சைப் பிள்ளை வரப்போற வீட்டில் பூனை எதுக்கு? கொண்டுபோய்ச் சந்தையில விட்டுடு” என்பார்கள் பெரியவர்கள். வீட்டுச் சோற்றுக்குப் பழகிய பூனை சந்தையில் பிழைப்பது கடினம். மருத்துவர் ஒவ்வாமை என்று உறுதிசெய்தால் ஒழிய, பூனையை விரட்ட வேண்டிய அவசியமில்லை. வீட்டைச் சற்று மாற்றியமைத்தால் போதும்.

அடிப்படை ஒன்றுதான்: பிள்ளை போகக்கூடாத வழியை அடைக்க வேண்டும், பூனை விலகிச் செல்லும் வழியை அடைக்கக்கூடாது. ஓட வழியின்றி மூலையில் மடக்கப்படும் பூனைதான் பெரும்பாலும் பிறாண்டுகிறது.

தடுப்புக் கதவு

சமையலறை வாசலிலும் படிக்கட்டிலும் போடும் தடுப்புக் கதவு சுமார் 75 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். நல்ல நிலையில் உள்ள பூனை அதை எளிதாகத் தாண்டிவிடும். பிள்ளை மிதித்து ஏறாதபடி நெடுக்குக் கம்பிகள் உள்ளதையே வாங்குங்கள். படிக்கட்டின் உச்சியில் போடும் தடுப்பைச் சுவரில் திருகாணியால் பொருத்த வேண்டும். அழுத்தி நிறுத்தும் வகை அங்கு ஆகாது.

பூனைக்கென்று சிறு வாசல் வைத்த தடுப்புகளும் கடையில் உள்ளன. அந்த வாசலில் தவழும் பிள்ளையின் தலையும் நுழையக்கூடும். படிக்கட்டிலும் சமையலறையிலும் அதைத் தவிர்ப்பது நல்லது. தாண்ட முடியாத வயதான பூனை என்றால், அதன் சாப்பாடு, தண்ணீர், மணல் தட்டு, படுக்கை எல்லாவற்றையும் தடுப்பின் ஒரே பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

உயரத்தில் ஓர் இடம்

ஹாலில் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் பூனைக்கு ஒரு பலகை அடித்துக் கொடுங்கள். பிள்ளை வாலைப் பிடிக்க வரும்போது அது அங்கே ஏறிக்கொள்ளும். பலகைக்குக் கீழே நாற்காலி, மேசை இருந்தால் பிள்ளையும் ஏறப் பார்க்கும். அலமாரி, தொலைக்காட்சி, பூனை ஏறும் மரம் ஆகியவற்றைச் சுவரோடு பிணைத்துவிட வேண்டும். பிள்ளை பிடித்து இழுத்தாலும் பூனை பாய்ந்தாலும் அவை சாயக்கூடாது.

ஏணையும் கொசுவலையும்

சூடான, மெத்தென்ற இடம் என்பதால் பூனைக்கு ஏணை பிடிக்கும். கைக்குழந்தை தூங்கும் இடத்தில் பூனை படுத்தால் மூச்சடைக்கும் ஆபத்து உண்டு. குடை போன்ற கொசுவலையும் காப்பல்ல. பூனை மேலே படுத்தால் வலை பிள்ளையின் முகத்தில் அமுங்கிவிடும். தூங்கும் அறைக்குக் கம்பி வலைக் கதவு போட்டால் காற்றும் வரும், உள்ளே இருப்பதும் தெரியும். இதைப் பிள்ளை பிறப்பதற்கு ஓரிரு மாதம் முன்பே செய்துவிட்டால் பூனை பழகிக்கொள்ளும்.

மணல் தட்டு

பூனையின் மலம் வழியாகப் பரவக்கூடிய டாக்சோபிளாஸ்மா கிருமி, கருவில் உள்ள சிசுவைப் பாதிக்கக்கூடியது. மலத்தில் வெளிவந்த பிறகு அது தொற்றும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். எனவே தினமும் தட்டைச் சுத்தம் செய்வதே சிறந்த தடுப்பு. கர்ப்பிணிகள் அந்த வேலையை வேறொருவரிடம் விட வேண்டும். முடியாவிட்டால் கையுறை அணிந்து செய்து, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சரியாக வேகாத இறைச்சியிலும் இதே கிருமி இருக்கலாம்.

பிள்ளை தவழத் தொடங்கியதும் தட்டைத் தடுப்புக்கு அப்பால் மாற்றுங்கள். குளியலறையில் வைப்பதாக இருந்தால் வாளியில் தண்ணீர் தேக்கி வைக்காதீர்கள். சில அங்குலத் தண்ணீரே கைக்குழந்தையின் உயிரைப் பறிக்கும். தோட்டப்புற வீடுகளின் வாசலில் கொட்டிய மணலைப் படுதாவால் மூடுங்கள். அங்கே பூனை மலம் கழித்தால், கொக்கிப்புழுக்கள் வெறுங்காலின் தோல் வழியே புகும். பூனைக்குக் குடற்புழு மருந்து தவறாமல் கொடுக்க வேண்டும்.

சன்னல்

பூனைக்காக அடிக்கும் மெல்லிய வலை, பிள்ளையின் எடையைத் தாங்காது. அடுக்குமாடி வீட்டில் 10 சென்டிமீட்டருக்கும் குறைவான இடைவெளி உள்ள இரும்புக் கிரில்லும், அதன்மேல் வலையும் தேவை. சிங்கப்பூரில் 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். சன்னல் திரையின் சுருக்குக் கயிறு பிள்ளையின் கழுத்திலும் பூனையின் கழுத்திலும் மாட்டக்கூடும். அதைக் கைக்கு எட்டாத உயரத்தில் சுற்றிக் கட்டுங்கள்.

இருவருக்கும் நஞ்சு

பாச்சை உருண்டையும் சூடமும் பிள்ளைக்கும் பூனைக்கும் கேடு. பிறந்தபோது எடுத்த இரத்தச் சோதனையில் ஜி6பிடி குறைபாடு தெரிந்த பிள்ளை உள்ள வீட்டில் பாச்சை உருண்டையே இருக்கக்கூடாது. பிள்ளையின் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் பூனையின் உயிரைப் போக்கும். சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள். யூகலிப்டஸ் தைலமும் பூனைக்கு ஆகாது. லில்லிப் பூவின் மகரந்தம்கூடப் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பணச்செடியின் இலையைக் கடித்தால் இருவருக்கும் வாய் எரியும்.

செம்பனைத் தோட்டங்களில் எலிக்கு வைக்கும் மெழுகுக் கட்டிகள் மிட்டாய் போலத் தெரியும். பிள்ளை எடுத்து வாயில் போடலாம். விஷம் தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் பூனைக்கும் அது பாதிப்பு. மீதக் கட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். பிள்ளை நஞ்சு எதையேனும் விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காமல், உறையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். அவசர மருத்துவ வண்டிக்கு மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995.

துணி துவைக்கும் இயந்திரத்தைத் திறந்து போடாதீர்கள். இயக்குவதற்கு முன் ஒருமுறை உள்ளே பாருங்கள்.

பிறாண்டினால், கடித்தால்

காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம். கடித்திருந்தால், காயம் சிறியதாக இருந்தாலும் அன்றே கிளினிக்கில் காட்டுங்கள். பூனையின் கூரிய பல், கிருமியை ஆழத்தில் இறக்கிவிடும். 2017 முதல் வெறிநோய் பரவிவரும் சரவாக்கில் இதில் தாமதமே கூடாது.

எத்தனை தடுப்பு போட்டாலும், சிறு பிள்ளையையும் பூனையையும் பெரியவர் துணையின்றி ஒரே அறையில் விடக்கூடாது. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் பூனையைத் தொடாதே என்று பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுங்கள். விரலால் குத்தாமல், உள்ளங்கையை விரித்துத் தடவக் கற்றுக்கொடுங்கள்.