மூன்று வாக்குகள் பிறந்த கதை

அமெரிக்க அதிபர் தேர்தல் இரவில், வாக்குப்பதிவு முடிந்த கையோடு முடிவைச் சொல்லிவிடக்கூடிய இடம் வாஷிங்டன் டி.சி. 2024-ல் அங்கே கமலா ஹாரிஸுக்கு 90 சதவீத வாக்குகள் விழுந்தன. நாட்டையே வென்ற டிரம்புக்கு 7 சதவீதம்கூடக் கிடைக்கவில்லை. அந்த ஊரின் கையில் இருப்பதோ, அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் வாக்குகளில் மூன்றே மூன்று. அவையும் ஒரு காலத்தில் இல்லை.

கதை 1783-ல் தொடங்குகிறது. சம்பள பாக்கி கேட்டுப் படைவீரர்கள் பிலடெல்பியாவில் காங்கிரஸ் கூடிய கட்டடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். பென்சில்வேனியா அரசு தன் படையை அனுப்பவில்லை. உறுப்பினர்கள் பிரின்ஸ்டனுக்கு இடம்பெயர வேண்டியதாயிற்று. இனி எந்த மாநிலத்தின் தயவிலும் தலைநகர் இருக்கக்கூடாது என்ற எண்ணம் அப்போது வலுத்தது. அரசியல் சட்டமும் பக்கத்துக்குப் பத்து மைல் மிகாத தனி மாவட்டத்துக்கு இடம் கொடுத்தது. மேரிலாந்தும் வர்ஜீனியாவும் நிலம் கொடுத்தன. 1800 வரை அங்கிருந்தவர்கள் அந்தந்த மாநில வாக்காளர்களாகவே இருந்தார்கள். 1801-ல் நிர்வாகம் காங்கிரஸ் கைக்குப் போனது, வாக்குரிமையும் போனது. தேர்வாளர்களை நியமிப்பது மாநிலங்களின் வேலை. இது மாநிலம் அல்லவே! வரி கட்டினார்கள், போருக்குப் போனார்கள். அதிபரைத் தேர்ந்தெடுக்க மட்டும் முடியவில்லை.

உரிமை திரும்பி வந்தது சுற்றுவழியில். 1960-ல் செனட்டர் கெஃபாவரின் அரசியல் சட்டத் திருத்தத் தீர்மானம் ஒன்று விவாதத்தில் இருந்தது. பனிப்போர்க் காலம். பேரழிவொன்றில் பிரதிநிதிகள் சபையில் பாதிப்பேர் மாண்டுவிட்டால், காலி இடங்களை ஆளுநர்கள் நிரப்பலாம் என்பதுதான் அதன் சாரம். அதில் செனட்டர் ஹாலண்ட், வாக்களிக்கக் கட்ட வேண்டியிருந்த தேர்தல் வரியின் ஒழிப்பைச் சேர்த்தார். செனட்டர் கீட்டிங் தலைநகர்வாசிகளின் வாக்குரிமையைச் சேர்த்தார். பிரதிநிதிகள் சபைக்கு வந்தபோது, நீதிக் குழுத் தலைவர் இமானுவேல் செல்லர் மற்றதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு அதிபர் தேர்தல் வாக்கை மட்டும் வைத்துக்கொண்டார். அதிகம் கேட்டால் மாநிலங்கள் ஏற்காது என்பது அவர் கணக்கு. பேரழிவுக்காக வந்த தீர்மானம் தேர்வாளர்களோடு வெளியே போனது.

அதிலும் ஒரு கடிவாளம். மாநிலமாக இருந்தால் எத்தனை தேர்வாளர் கிடைக்குமோ அத்தனை; ஆனால் மிகக் குறைந்த மக்கள்தொகை உள்ள மாநிலத்துக்கு இருப்பதைவிட அதிகம் கூடாது. அன்று தலைநகரில் சுமார் 7.6 லட்சம் பேர், அலாஸ்காவில் 2.3 லட்சத்துக்கும் குறைவு. இரண்டுக்கும் மூன்றே வாக்குகள்.

1960 ஜூனில் காங்கிரஸ் மாநிலங்களின் ஒப்புதலுக்கு அனுப்பிய திருத்தம், 1961 மார்ச் 29-ல் 23-வது திருத்தமாக ஏற்கப்பட்டது. தென்மாநிலங்களில் முரண்டு இருந்தது. உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன பதினொன்றில் டென்னசி மட்டுமே அன்று ஒப்புதல் தந்தது; ஆர்கன்சா வெளிப்படையாகவே நிராகரித்தது. தலைநகர மக்களில் பாதிக்கு மேல் கறுப்பர்கள் என்பதை அங்கே யாரும் மறந்திருக்கவில்லை.

முதல் வாக்கு 1964-ல். குடிமை உரிமைச் சட்டம் வந்த அதே வருஷம். அதை எதிர்த்து வாக்களித்த கோல்ட்வாட்டர் குடியரசுக் கட்சி வேட்பாளர். ஜனநாயகக் கட்சியின் ஜான்சனுக்கு 85 சதவீதம் விழுந்ததில் வியப்பென்ன? அன்று போட்ட பிள்ளையார் சுழி இன்றுவரை அழியவில்லை. 1972-ல் நிக்சன் 49 மாநிலங்களை வாரிக்கொண்டபோதும், 1984-ல் ரீகன் அதேபோல் வாரியபோதும் டி.சி. எதிர்ப்பக்கமே நின்றது. நிக்சனின் 22 சதவீதம்தான் குடியரசுக் கட்சி அங்கே இதுவரை கண்ட உச்சம்.

அந்த மூன்று வாக்குகளால் இதுவரை எந்தத் தேர்தலின் முடிவும் மாறியதில்லை. 2000-ல் புஷ்ஷுக்கு 271, கோருக்கு 266. தலைநகருக்குக் காங்கிரசில் வாக்குரிமையுள்ள பிரதிநிதி இல்லையே என்று, அந்த ஊரின் தேர்வாளர் பார்பரா லெட்-சிம்மன்ஸ் தம் சீட்டை வெறுமையாகவே விட்டார். இல்லாவிட்டால் கோரின் கணக்கு 267.

1960-ல் அந்த ஊருக்கு வாக்குரிமை தர இரு கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளும் ஆதரவு தெரிவித்தன. ஊர் எப்படி வாக்களிக்கும் என்பதற்கு அப்போது ஒரு தேர்தல் கணக்கும் கிடையாது. இன்று கணக்கு மனப்பாடம். மாநில அந்தஸ்து தந்தால் இரண்டு செனட்டர்களும் எந்தக் கட்சிக்குப் போவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். 2020-லும் 2021-லும் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிய மாநில அந்தஸ்து மசோதா செனட்டில் நகரவேயில்லை. முடிவு தெரியாதபோது கைக்கு வந்தது மூன்று வாக்கு. முடிவு தெரிந்த பிறகு கேட்ட மாநில அந்தஸ்து இன்னும் வந்து சேரவில்லை.