பழைய மடிக்கணினியில் புதிய இயக்குதளம்: பாபநாசம் பகுதியிலிருந்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

பாபநாசம் என்று இங்கே சொல்வது தஞ்சைப் பக்கத்து ஊரை அல்ல; தாமிரபரணி மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கும் பொதிகையடிப் பாபநாசத்தை. இந்த ஊரிலும் அடுத்துள்ள விக்கிரமசிங்கபுரத்திலும் பல வீடுகளின் பீரோ மேல் ஒரு மடிக்கணினி துணி போர்த்திக் கிடக்கிறது. மூடியில் தமிழ்நாடு அரசின் கோபுர முத்திரை. கேட்டால், "அது ஹேங் ஆவுது, தூக்கிப் போட்டாச்சு" என்பார்கள். அப்படித் தூக்கிப் போட்ட ஒன்றை எடுத்து, புதிய இயக்குதளத்தையும் அதற்கான இயக்கிகளையும் நிறுவிப் பார்த்ததில் கண்டவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. கணினிக்கு வயதாகிவிட்டது என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் வயதாகியிருப்பது அதன் வன்பொருளுக்கு அல்ல, இயக்கிகளுக்குத்தான் என்பதே இதன் கருத்து.

2. இயந்திரத்தின் பின்னணி

மாணவர்களுக்கான தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், தொடங்கியது. கொள்முதல் எல்காட் என்ற அரசு நிறுவனம் வழியாக நடந்தது. விண்டோஸ், பாஸ் லினக்ஸ் ஆகிய இரண்டு இயக்குதளங்கள் ஒரே வட்டில் வந்தன. பொத்தானை அழுத்தியதும் எது வேண்டும் என்று திரை கேட்கும். பாஸ் என்பது சென்னை சிடாக் உருவாக்கியது. டெபியனை அடித்தளமாகக் கொண்டு 2007இல் வெளிவந்தது.

மாணவர்கள் அந்த இரண்டாவது வாசலைத் திறந்ததே இல்லை என்றால் மிகையாகாது. கணினி கைக்கு வந்ததும் கடைக்குப் போய், "லினக்ஸ அழிச்சிட்டு ஃபுல்லா விண்டோஸ் போட்டுத் தாங்க" என்றார்கள். கடைக்காரர் கள்ளப் பிரதி ஒன்றைப் போட்டார், கூடவே 'டிரைவர் பேக்' குறுவட்டையும் ஓட்டினார். எந்தச் சில்லுக்கு எது என்று பார்க்காமல் கண்டதையும் கொட்டிய அந்தக் குறுவட்டுகள் செய்த கெடுதலை இன்றைக்கும் சுத்தம் செய்துகொண்டிருக்கிறோம்.

நான் எடுத்துக்கொண்ட இயந்திரம் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்தது: 14 அங்குலத் திரை, 2 ஜிபி நினைவகம், 320 ஜிபி வட்டு. பன்னிரண்டாம் வகுப்பில் அக்காவுக்குக் கிடைத்ததை இப்போது தம்பி டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கக் கேட்கிறான்.

3. எந்த இயக்குதளம்?

அதில் இருந்தது 32 பிட் விண்டோஸ் 7. மைக்ரோசாஃப்ட் அதன் ஆதரவை 2020 ஜனவரி 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 10 ஓடியிருக்கும். ஆனால் அதுவும் 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவு வரம்பைத் தொட்டுவிட்டது. விண்டோஸ் 11 கேட்பவை 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பு, டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு, இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைச் செயலி. நினைவகத்தைக் காசு கொடுத்துக் கூட்டலாம், தலைமுறையை மாற்ற முடியாது. நிறுவியின் தகுதிச் சோதனையைத் தாண்டிக் குதித்து நிறுவும் வழிகள் உண்டு. ஆனால் அப்படி நிறுவிய கணினிக்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. தேர்வுக்குப் படிக்கும் பையனுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

மிஞ்சுவது லினக்ஸ். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிறுவியிருந்த விண்டோஸ்தான் 32 பிட். செயலி 64 பிட். பலர் பழைய ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாந்து 32 பிட் பதிப்பைத் தேடுகிறார்கள். அந்த வாசல் அடைபட்டு வருகிறது: 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிக்கான நிறுவியே இல்லை. 2023இல் வந்த டெபியன் 12ஐத் தேர்ந்தெடுத்து, எக்ஸ்எஃப்சிஇ என்ற மெலிந்த முகப்பை வைத்தேன். அன்று அழித்த பாஸ் லினக்ஸின் தாய்வீடும் டெபியன்தான்.

4. இயக்கி என்னும் பட்டை

விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி சகோதரர்கள் 1880களில் பஞ்சாலை அமைத்தபோது தாமிரபரணி விழும் வேகத்தையே விசையாக்கினார்கள். விழும் தண்ணீர் நேரே நூற்புக் கதிரைச் சுற்றிவிடாது. நடுவே சக்கரமும் தண்டும் பட்டையும் வேண்டும். இயக்குதளத்துக்கும் வன்பொருளுக்கும் நடுவே இயக்கி அந்தப் பட்டை. 'ஒலியை எழுப்பு' என்று இயக்குதளம் பொதுவாகச் சொல்வதை, குறிப்பிட்ட அந்த ஒலிச் சில்லுக்குப் புரியும் கட்டளையாக அது மாற்றித் தருகிறது.

விண்டோஸில் இந்தப் பட்டைகளைச் சில்லு செய்தவர் தனியே தருகிறார்; பழைய சாதனத்துக்குப் புதிதாக எழுத அவருக்கு லாபம் இல்லை. லினக்ஸில் பெரும்பாலான இயக்கிகள் கரு (கெர்னல்) என்னும் மையப் பகுதிக்குள்ளேயே வந்துவிடும். ஆகவே பத்தாண்டுப் பழைய கணினி லினக்ஸுக்குப் புதியதைவிட வசதியானது.

4.1 அடையாள எண்

நிறுவுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, உள்ளே இருப்பது என்ன என்று அறிவது. பெட்டியின் மேலுள்ள மாதிரிப் பெயரை நம்பக் கூடாது. ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு விதமான வைஃபை அட்டைகள் வந்ததுண்டு. ஒவ்வொரு சில்லுக்கும் செய்தவர் எண் ஒன்றும் சாதன எண் ஒன்றும் உண்டு. 8086 என்று கண்டால் இன்டெல் (அவர்களுடைய பழைய செயலியின் எண்ணையே குலப்பெயராக வைத்துக்கொண்டார்கள்). 1002 என்றால் ஏஎம்டி வரைகலை. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் போட்ட வரியைத் திறந்தால், விவரங்கள் பகுதியில் இந்த எண்கள் கிடைக்கும். ஒரு தாளில் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

4.2 வைஃபை வேண்டும் என்றால் வைஃபை வேண்டும்

வரைகலை, ஒலி, தொடுதளம் எல்லாம் கேட்காமலே வேலை செய்தன. தம்பிதான் முதலில் கண்டுபிடித்தான்: "அண்ணாச்சி, வைஃபை காட்டவே மாட்டேங்கு." காரணம், கருவில் இயக்கி இருந்தாலும் அந்தச் சில்லுக்குள் ஏற்ற வேண்டிய நிலைபொருள் (ஃபர்ம்வேர்) கோப்பு நிறுவியில் இல்லை. டெபியன் 12இலிருந்து நிலைபொருள்கள் நிறுவியிலேயே சேர்ந்து வருகின்றன என்பது உண்மைதான். ஆனால் இந்தச் சில்லைச் செய்தவர் மறுவிநியோக உரிமை தராததால் இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும். இணையம் வரவோ வைஃபை வேண்டும்!

தீர்வு கைப்பேசியில் இருந்தது. சார்ஜர் கம்பியால் கைப்பேசியைக் கணினியோடு இணைத்து, அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால், கணினி அதைக் கம்பிவழி வலையமைப்பாகவே எண்ணிக்கொள்கிறது. தனி இயக்கி தேவையில்லை. சின்னக் கோப்பு, ஒரு நிமிடம் ஆகவில்லை. பாபநாசத்தில் இது நடக்கும். சோதனைச்சாவடி தாண்டிக் காரையாறு, சேர்வலாறு பக்கம் மலை ஏற ஏற சிக்னல் நம்பமுடியாததாகிவிடுகிறது. மேலே இருக்கும் குடியிருப்புகளின் கணினிக்கு வேலை செய்வதானால், கோப்புகளைக் கீழேயே பெண்டிரைவில் ஏற்றிக்கொண்டு போவதுதான் முறை.

5. நிறுவலுக்கு முன்

சான்றிதழ் நகல்களையும் புகைப்படங்களையும் முதலில் வேறிடத்தில் எடுத்து வைத்தேன். டி டிரைவில் இருப்பது பத்திரம் என்ற நம்பிக்கை பலரை அழ வைத்திருக்கிறது.

வட்டில் பழுதான பகுதிகள் இருந்தன. எஸ்எஸ்டி ஒன்றை மாட்டினேன். நினைவகத்தை 4 ஜிபி ஆக்கினேன். இந்த இரண்டும் இல்லாமல் எந்த இயக்குதளமும் உலாவியைத் தாங்காது. பிறகு பெண்டிரைவிலிருந்தே லினக்ஸைத் தற்காலிகமாக ஓடவிட்டு ஒலி, கேமரா, திரை வெளிச்சம் ஆகியவற்றைச் சோதித்தேன். வட்டில் கை வைக்காமல் குறைகளை அறிய இதைவிட நல்ல வழி இல்லை.

நிறுவிய பிறகு எதிர்பாராத ஒரு சிக்கலும் வந்தது. இணையம் கிடைத்த பிறகும் எந்தத் தளமும் திறக்கவில்லை. பாதுகாப்பற்றது என்றே எச்சரித்தது. கடிகாரத்தைப் பார்த்தால் ஆண்டு பல வருடம் பின்னால் நின்றது. மதர்போர்டில் உள்ள காசு அளவு மின்கலம், சிஆர் 2032, செத்துப்போயிருந்தது. தேதி தவறினால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவை ஆகிவிடும். கடிகாரக் கடையில் கிடைக்கும் அந்த மின்கலத்தை மாற்றியதும் எல்லாம் திறந்தன. இயக்குதளத்தைக் குறை சொல்லி மீண்டும் ஃபார்மட் அடித்திருந்தால் ஒரு நாள் வீணாகியிருக்கும்.

6. தமிழ் உள்ளீடு

தமிழ்99 விசைப்பலகை 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் பயன். விண்டோஸ் 10 அதைத் தன்னுள் சேர்த்தது 2019இல்தான். அதுவரை தனி மென்பொருள் தேவைப்பட்டது. டெபியனில் ஐபஸ், எம்17என் தொகுப்புகளைச் சேர்த்ததும் வந்துவிட்டது. பழைய பாடக்குறிப்புகள் சில ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் இருந்ததால் குப்பையாகத் தெரிந்தன. அவற்றை எழுத்துரு மாற்றியில் இட்டு மீட்க வேண்டியிருந்தது.

7. எஞ்சிய குறை

மூடியை மூடினால் கணினி உறங்கப் போகிறது. திறந்தால் திரை கறுப்பாகவே நிற்கிறது. வரைகலை இயக்கி விழித்தெழாததுதான் காரணம் என்று பதிவேடு காட்டுகிறது. கருவுக்குக் கொடுக்கும் தொடக்க அளவுருக்களில் இரண்டை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. இப்போதைக்கு மூடியை மூடினால் ஒன்றும் செய்யாதே என்று அமைத்து வைத்திருக்கிறேன். பையன் படித்து முடித்ததும் பொத்தானை அழுத்தி அணைத்துவிடுகிறான். அவன் மறந்த நாட்களில், பீடி சுற்றி முடித்துப் படுக்கப் போகும் அம்மா கணினியில் எரியும் நீல விளக்கைப் பார்த்து அணைத்துவிடுகிறார். அடுத்த கருப் பதிப்பு வந்ததும் மறுபடி சோதிக்க வேண்டும்.