தவறவிட்ட பேருந்து: ஓர் ஆங்கிலத் தொடரும் 1940 ஏப்ரலும்

வாய்ப்பை நழுவவிட்டதைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் தொடர்களுள் ‘பேருந்தைத் தவறவிடுதல்’ ஒப்பீட்டளவில் புதியது. இலண்டனில் ஜார்ஜ் ஷில்லிபீர் குதிரைகள் இழுத்த ஆம்னிபஸ் வண்டியை 1829 ஜூலை 4இல் இயக்கத் தொடங்கியதற்கு முன் அந்நகரில் இத்தகைய தொடர் தோன்ற இடமில்லை. முந்தைய வழக்கில் வாய்ப்பு பெரும்பாலும் கடல் ஏற்றமாக உருவகிக்கப்பட்டது. ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் பிலிப்பைக்குப் படை நடத்தவேண்டும் எனப் புரூட்டஸ் வாதிடுவதும் அவ்வுருவகத்தைக் கொண்டே. ஏற்றம் இயற்கையின் ஒழுங்கு. பேருந்து புறப்படும் நேரத்தையோ வேறொருவர் வகுக்கிறார். தமிழில் ‘கோட்டை விடுதல்’ எனப் பெயர்த்தால் இழப்பு புலப்படும், இக்காலக்கூறு புலப்படாது.

பிரித்தானியப் பிரதமர் நெவில் சேம்பர்லின் 1940 ஏப்ரல் 4இல் தம் கட்சியினரிடையே பேசுகையில், ஹிட்லர் பேருந்தைத் தவறவிட்டுவிட்டார் என்றார். போர் தொடங்கியபோது செர்மனியின் ஆயத்தமே மேலோங்கியிருந்தது. ஆயினும் அது தாக்காது கழித்த ஏழு மாதங்களில் நேசநாடுகள் வலுப்பெற்றன என்பது அவர்தம் வாதம். ஐந்தாம் நாள் டென்மார்க்கும் நோர்வேயும் தாக்கப்பட்டன.

இக்கூற்றைத் தனிமனித அறியாமையாகக் கொள்வது பெருவழக்கு. அது போதுமான விளக்கமன்று. தாக்குதலுக்கு ஏப்ரல் 9ஐ ஹிட்லர் குறித்தது ஏப்ரல் 2இல். உரைக்கு இரு நாள் முன்னரே நாள் குறிக்கப்பட்டுவிட்டது. மறுபுறம், நோர்வேக் கடற்பகுதியில் கண்ணிவெடியிடும் திட்டத்தைச் சர்ச்சில் 1939 செப்டம்பர் முதலே வலியுறுத்தி வந்தார். ஏப்ரல் 5இல் நிறைவேறவேண்டிய அப்பணி, பிரெஞ்சு அரசுடனான கருத்து வேறுபாட்டால் 8ஆம் நாளுக்குத் தள்ளிப்போயிற்று. தாமதம் பேசியவர் தரப்பினதே. காத்திருப்போர்க்குக் காலம் துணைநிற்கும் என்னும் நம்பிக்கையில் எழுந்த அக்கூற்று, அட்டவணை எவர் கையில் இருந்தது என்பதைக் காணவொட்டாமல் மறைத்தது எனலாம்.

மே 7, 8 நாள்களில் நிகழ்ந்த நோர்வே விவாதத்தில் உறுப்பினர் பலர் அத்தொடரையே கூவிச் சேம்பர்லினை எள்ளினர். வினை அதுவே, எழுவாய் மட்டும் மாறிற்று. வாக்கெடுப்பில் 281க்கு 200 என அரசு வென்றது. எனினும் இருநூறைக் கடந்திருந்த பெரும்பான்மை 81ஆகச் சுருங்கியது. மே 10இல், செர்மானியப் படைகள் நெதர்லாந்துக்குள்ளும் பெல்ஜியத்துக்குள்ளும் நுழைந்த நாளன்று, சேம்பர்லின் பதவி விலகினார்.