எரிநட்சத்திரமும் ஈரக் காகிதமும்

'பனி பெய்யுது, தலையில துண்டைக் கட்டு' என்பார்கள் நம் ஊரில். பனி பெய்வதில்லை என்பதை 1814-லேயே லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் விளக்கிவிட்டார். கம்பளித் துணுக்குகளைத் தோட்டத்தில் பரப்பி எடை போட்டார், புல்லில் தெர்மாமீட்டர் வைத்தார் மனுஷர். தெளிந்த இரவில் திறந்த வானத்தைப் பார்த்துக் கிடக்கும் பொருள் தன் சூட்டை இழந்து காற்றைவிடக் குளிர்ந்து போகிறது. காற்றின் ஈரம் அதன்மேல் படிகிறது. மேகம் மூடினால் பனி குறைவு.

வம்பு இங்கேதான். எரிநட்சத்திரம் பார்க்கவும் மேகமில்லாத ராத்திரிதானே வேண்டும்? மடியில் வானம் பார்த்தபடி கிடக்கும் காகிதம்தான் முதலில் நனையும். டிசம்பரில் பூனாவில் மொட்டை மாடிக்குப் போய் ஜெமினிட் எண்ணும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சொல்லாமலே தெரிந்திருக்கும்.

இந்த ஈரத்தோடு பல வருஷம் மல்லுக்கட்டியவர் பிரிஸ்டல்காரர் வில்லியம் டென்னிங். பிழைப்புக்குக் கணக்கு வேலை, ராத்திரியில் வானம். (ஹெச்.ஜி.வெல்ஸின் செவ்வாய்க்காரர் நாவலில்கூட இவர் பெயர் வரும்.) கண நேரத்தில் மறையும் கோட்டை நட்சத்திர வரைபடத்தில் கோடாக இழுக்க வேண்டும். பல கோடுகளைப் பின்னோக்கி நீட்டினால் அவை சந்திக்கும் இடமே அந்தப் பொழிவின் கதிர்ப்புள்ளி. 1899-ல் அவர் வெளியிட்ட பட்டியலில் இப்படி 4,000-க்கும் மேற்பட்ட புள்ளிகள்!

மை ஈரத்தில் பரவிவிடும். பென்சில் கரி தண்ணீரில் கரையாது. ஆனால் கூர் அதிகமானால் நனைந்த தாள் கிழியும். ஈரம் குடித்த தாள் உப்பிக்கொள்ளவும் செய்யும். கோடு துளி சாய்ந்தாலும், பின்னோக்கி நீட்டும்போது புள்ளி எங்கேயோ போய்விடும்.

சில கதிர்ப்புள்ளிகள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நகராமல் நிற்கின்றன என்று டென்னிங் சாதித்தார். பூமி நகரும்போது புள்ளியும் நாளுக்கு நாள் நகர வேண்டுமே என்றார் அமெரிக்காவின் சார்லஸ் ஆலிவியர். அவர் பக்கமே நின்றது. பழியைப் பனிமேல் போட மாட்டேன். சம்பந்தமில்லாத கோடுகளையும் ஒரே புள்ளியில் சேர்த்ததுதான் பெரிய கோளாறு என்று எனக்குப் படுகிறது. ஆனாலும் இருட்டில் கையால் இழுத்த கோட்டை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி அந்தச் சண்டைக்குள் இருந்தது.

டென்னிங் அசரவில்லை. 1920-ல், 71 வயதில், சிக்னஸ் மண்டலத்தில் ஒரு நோவாவைக் கண்டுபிடித்தார்.