சொந்த மண் இல்லாத கோப்பை: 2019 சூப்பர் கோப்பையும் சென்னையின் தென்புறநகரும்

2019 மார்ச், ஏப்ரல் மாதங்களில் புவனேசுவரத்தின் கலிங்கா மைதானத்தில் இந்தியக் கால்பந்துக் கிளப்புகளின் தேசிய நாக்-அவுட் தொடரான சூப்பர் கோப்பை நடந்தது. அதன் அரையிறுதிக்கு வந்த நான்கு அணிகளில் இரண்டு சென்னையின் பெயரைத் தாங்கியவை. ஒன்று அந்த ஆண்டின் ஐ-லீக் சாம்பியன் சென்னை சிட்டி. மற்றது இந்தியன் சூப்பர் லீகில் பத்தாவதாக, கடைசி இடத்தில் முடிந்த சென்னையின் எஃப்.சி. தமிழகக் கிளப் கால்பந்துக்கு இது அரிய பருவம். ஆயினும் அத்தொடரின் ஓர் ஆட்டம்கூடத் தமிழ்நாட்டில் நடக்கவில்லை. தேசிய நாக்-அவுட் கோப்பையின் அமைப்பே அதன் நோக்கத்துக்கு எதிராக நிற்கிறது என்பதற்கு அந்தப் பருவம் தக்க சான்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அந்தப் பருவம் மெய்ப்பித்ததைக் காண்போம். அப்போது ஐ-லீக்கும் இந்தியன் சூப்பர் லீகும் ஒன்றையொன்று தொடாத இரு தடங்களாக ஓடின. இரு தடத்து அணிகளும் களத்தில் மோத இந்தக் கோப்பையே வழி. சென்னை சிட்டி முதலில் புனே சிட்டியை 4-2 என வென்றது. காலிறுதியில், அந்த ஆண்டின் சூப்பர் லீக் சாம்பியனும் நடப்புக் கோப்பையாளருமான பெங்களூருவை 2-1 என வீழ்த்தியது. தகுதிச் சுற்றில் கேரளா பிளாஸ்டர்சை இந்தியன் ஆரோஸ் என்ற இளைஞர் அணி 2-0 என வெளியேற்றியது. அரையிறுதியில் சென்னையின் எஃப்.சி. ஏ.டி.கே.யை 2-0 என வென்றது. சென்னை சிட்டி கோவாவிடம் 0-3 எனத் தோற்றது. ஏப்ரல் 13 இறுதியாட்டத்தில் கோவா 2-1 என வென்று கோப்பையைக் கைப்பற்றியது. லீக் பட்டியல் வகுத்த மேல், கீழ் என்ற வரிசையை இந்த முடிவுகள் கலைத்துப்போட்டன. நாக்-அவுட் முறையின் பயனே அதுதான்.

அந்தப் பயன் முழுமை பெறாததற்குக் காரணங்கள் மூன்று. தங்கள் லீகின் எதிர்காலம் பற்றித் தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பு பேச வேண்டுமெனக் கோரி ஐ-லீக் கிளப்புகள் பல விலகியதால் சில ஆட்டங்கள் நடக்கவேயில்லை. இது அந்த ஆண்டோடு போன சிக்கல். மற்ற இரண்டும் அமைப்பிலேயே உள்ளவை: நுழைவு இரு லீக்குகளின் அணிகளுக்கு மட்டும், எல்லா ஆட்டங்களும் ஒரே மாநிலத்தில். 2019க்குப் பின் தடைப்பட்ட தொடர் 2023இல் கேரளத்திலும், 2024, 2025 ஆண்டுகளில் மீண்டும் புவனேசுவரத்திலும் நடந்தது. இடம் மாறியது, முறை மாறவில்லை.

இதன் விளைவைச் சென்னையின் தென்புறநகரான பெரும்பாக்கத்திலிருந்து பார்த்தால் தெளிவாகும். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் இங்குள்ள இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகளில் குடியமர்த்தப்பட்டன. நகரின் கால்பந்து அரங்கமான பெரியமேட்டு நேரு விளையாட்டரங்கம் இங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர். இப்பகுதி இளைஞர்கள் நாளை ஓர் அணி அமைத்து எத்தனை ஆட்டங்களில் வென்றாலும், வெற்றிகளை மட்டுமே கொண்டு சூப்பர் கோப்பையை எட்ட ஒரு படிக்கட்டும் இல்லை. பார்வையாளராகவும் அவர்களுக்கு இடமில்லை. 2019இல் சென்னை அணிகள் வென்றபோதுகூட ஆட்டம் ஒடிசாவில்தான் நடந்தது. சூப்பர் கோப்பைக்கு முன்னோடியான பெடரேசன் கோப்பை முதன்முதலாக 1977இல் கொச்சியில் நடந்தபோது அதை வென்றது பெங்களூருவின் ஐ.டி.ஐ. என்ற தொழிற்சாலை அணி. உழைப்பாளர் அணி ஒன்று மோகன் பகானை வீழ்த்தித் தேசியக் கோப்பையைத் தூக்கிய மரபிலிருந்து நாம் வெகுதூரம் விலகிவிட்டோம்.

நாடு பெரிது, பயணச் செலவு மிகுதி, ஆட்டக் கால அட்டவணையில் இடமில்லை என்பன எதிர்வாதங்கள். அவை புறக்கணிக்கத் தக்கவை அல்ல. ஆனால் பிரெஞ்சுக் கோப்பையில் கடல்கடந்த ரீயூனியன், மார்த்தினிக் தீவுகளின் கிளப்புகளும் ஆடுகின்றன. தொடக்கச் சுற்றுகள் வட்டார அளவிலேயே முடிவதால் நெடும்பயணம் பிந்தைய சுற்றுகளுக்கு மட்டுமே தேவைப்படுகிறது. இரண்டு படிநிலை கீழுள்ள அணிக்குச் சொந்த மைதானம் தரும் விதியும் அங்குண்டு. நான்காம் நிலை அணியான கலே 2000இல் இறுதியாட்டம் வரை சென்றது அத்தகைய திறந்த கோப்பையில்தான்.

இந்தியாவுக்கும் இது இயலும். மாவட்டச் சங்கங்களின் லீக் அணிகள் முதலில் மாவட்டத்துக்குள்ளும் பின்னர் மாநிலத்துக்குள்ளும் மோதட்டும். மாநில வெற்றியாளர்கள் தேசியச் சுற்றில் பெரிய கிளப்புகளைத் தங்கள் ஊரிலேயே சந்திக்கட்டும். அரையிறுதியும் இறுதியும் வேண்டுமானால் ஒரே ஊரில் நடக்கலாம். இதற்கு முதலில் வேண்டியது புதிய அரங்கங்கள் அல்ல, விதித் திருத்தம். தமிழ்நாடு கால்பந்துச் சங்கம் மாநிலச் சுற்றை முன்னின்று தொடங்கி, தேசியக் கூட்டமைப்பிடம் அதன் வெற்றியாளருக்கு ஓர் இடம் கோர வேண்டும். பெரும்பாக்கத்து அணி ஒன்று தன் கால்வலிமையால் மட்டுமே எட்டக்கூடிய கோப்பைதான் தேசியக் கோப்பை என்ற பெயருக்குத் தகுதி உடையது.