விழுந்தவரும் நின்றவரும்: ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் நடுவரின் நிறுத்தம் குறித்து

1994 செப்டம்பர் 24 அன்று லண்டன் வெம்ப்ளி அரங்கில் லெனாக்ஸ் லூயிஸ் தம் உலகப் பட்டத்தை ஆலிவர் மெக்காலிடம் பறிகொடுத்தார். இரண்டாம் சுற்று தொடங்கி 31 நொடிகளில் எல்லாம் முடிந்திருந்தது. மெக்காலின் வலக்கைக் குத்து தாடையில் இறங்கியது. கீழே சாய்ந்த லூயிஸ், எண்ணி முடிப்பதற்குள் எழுந்துவிட்டார். ஆனால் நடுவரை நோக்கி வரும்போது அவர் கால்கள் அவர் சொல்படி நடக்கவில்லை. நடுவர் ஹோசே குவாதலூப்பே கார்சியா கையசைத்து ஆட்டத்தை முடித்தார். எழுந்து நின்ற சாம்பியனுக்கு இன்னொரு வாய்ப்புத் தந்திருக்க வேண்டாமா என்று லூயிஸ் தரப்பு குமுறியது. ஹெவிவெயிட் ரசிகர்களின் நெடுநாள் புகாரும் இதுதான்: நடுவர்கள் அவசரக்காரர்கள்.

இந்தப் புகாரில் உண்மை உண்டு. ஆனால் அது பாதிதான். ஹெவிவெயிட் நடுவர்கள் ஒருவகை ஆட்டங்களைச் சீக்கிரம் நிறுத்திவிடுகிறார்கள், இன்னொரு வகையை நிறுத்தவே மறந்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றே. நடுவரின் கண் வீழ்ச்சியைத் தேடப் பழகியிருக்கிறது. ஆபத்தோ பெரும்பாலும் நின்றுகொண்டிருப்பவனிடம் சேர்ந்துகொண்டே போகிறது. இக்கட்டுரை நிறுவ முயல்வது இவ்வளவே.

முதலில், ஒரு நிறுத்தம் ‘அவசரம்’ என்பதை எதை வைத்துச் சொல்கிறோம்? 1991 மார்ச் 18 அன்று லாஸ் வேகஸில் மைக் டைசனும் டொனோவன் ரடக்கும் மோதிய ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஏழாம் சுற்றில் டைசனின் அடுத்தடுத்த குத்துகளால் ரடக் கயிற்றோரம் தள்ளாடினார், விழவில்லை. நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் இடையில் புகுந்து ஆட்டத்தை முடித்தார். மறுநொடி இரு தரப்பு ஆட்களும் மேடைக்குள் ஏறி அடித்துக்கொண்டார்கள். ஸ்டீலின் பெயரும் அப்போது சுத்தமாக இல்லை. அதற்கு ஓராண்டு முன்பு, எடை குறைந்த பிரிவொன்றில், புள்ளிகளில் முன்னணியில் இருந்த மெல்ட்ரிக் டெய்லரை ஹூலியோ சேசர் சாவேஸிடம் தோற்றவராக அறிவித்தவர் அவரே. ஆட்டம் முடிய அப்போது இரண்டே நொடிகள் மிச்சமிருந்தன.

டைசன்–ரடக் மறு ஆட்டம் ஜூன் மாதம் நடந்தது. ரடக் பன்னிரண்டு சுற்றுகளும் தாக்குப்பிடித்தார். ‘பார்த்தீர்களா, மார்ச்சில் விட்டிருந்தால் தாங்கியிருப்பார்’ என்று சொல்லக் கிடைத்த சான்று இது. ஆனால் ஜூனில் அவர் தாடை எலும்பு உடைந்த நிலையில்தான் மேடையை விட்டு இறங்கினார். தாங்க முடியும் என்பதற்கும் தாங்கவிடலாம் என்பதற்கும் இடையே உள்ள தூரத்தை அந்த உடைந்த தாடையே அளந்து காட்டுகிறது. தவிர, நடக்காத ஓர் ஆட்டத்தின் முடிவை, பின்னர் நடந்த இன்னோர் ஆட்டத்தைக் கொண்டு நிரூபிக்க இயலாது. நடுவரின் தீர்ப்பை அந்த நொடியில் அவர் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்பதைக் கொண்டுதான் மதிப்பிட வேண்டும்.

அந்த நொடியில் என்னதான் தெரியும்? ஹெவிவெயிட் வீரர் பிராங்க் புரூனோவின் குத்தை அளந்து 1985இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு குழு வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். அவருடைய முஷ்டி நொடிக்கு 8.9 மீட்டர் வேகத்தில் வந்து இலக்கில் 4,096 நியூட்டன் விசையை இறக்கியது. ஆறு கிலோ எடையுள்ள, உறையிட்ட மரச்சம்மட்டியை மணிக்கு 20 மைல் வேகத்தில் வீசுவதற்கு இது சமம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஹெவிவெயிட் பிரிவுக்கு எடையில் மேல் வரம்பு கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2018இல் டைசன் பியூரி ஏறத்தாழ 116 கிலோவும் டியான்டே வைல்டர் 96 கிலோவுமாக ஒரே மேடையில் நின்றார்கள். வேறெந்தப் பிரிவிலும் இந்த இருபது கிலோ இடைவெளியை அனுமதிக்க மாட்டார்கள். இத்தகைய ஒரே அடியில் ஒருவர் சாய்வதைக் கண்ட நடுவர் பதறுவது மனித இயல்பு. அந்தப் பதற்றத்தைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் பதற்றத்தை அடக்கிய ஒருவரை அதே 2018 டிசம்பர் 1 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் உலகம் பார்த்தது. பன்னிரண்டாம் சுற்றில் வைல்டரின் இரட்டைக் குத்தில் பியூரி கட்டை சாய்வதுபோல மல்லாந்தார். அரங்கில் பலர் ஆட்டம் முடிந்ததென்றே எண்ணினார்கள். நடுவர் ஜாக் ரைஸ் கையசைக்கவில்லை. அருகே குனிந்து எண்ணினார். ஒன்பதில் பியூரி எழுந்தார். நடக்கச் சொல்லிப் பார்த்து, கண்ணைப் பார்த்து, ஆடவிட்டார். மிச்ச நேரத்தில் பியூரி திருப்பி அடித்தார். ஆட்டம் சமனில் முடிந்தது. கார்சியாவிடமும் ரைஸிடமும் இருந்தது அதே விதிநூல், அதே பத்து எண்கள். ரைஸ் அந்த எண்களைச் சோதனைக்கான நேரமாகப் பயன்படுத்தினார். எண்ணுதல் என்பது விழுந்தவருக்குத் தரும் சலுகை என்றே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது நடுவருக்குக் கிடைக்கும் சலுகை. ஆட்டம் உறைந்து நிற்கும் அந்தச் சில நொடிகளில்தான் அவர் ஒருவரின் முகத்துக்கு நேரே நின்று கேள்வி கேட்க முடிகிறது.

நின்றுகொண்டே அடிவாங்குபவருக்கு இந்தச் சோதனை கிடைப்பதில்லை. அமெரிக்காவின் பொது விதிகளில், நின்ற நிலையில் எட்டு எண்ணும் வழக்கம் தொழில்முறை ஆட்டங்களுக்குக் கிடையாது. கயிறு மட்டுமே தாங்கிப் பிடித்திருந்தால் அதை வீழ்ச்சியாகக் கருதி எண்ணலாம். 2024 மே மாதம் ரியாத்தில் பியூரி–உசிக் ஆட்டத்தின் ஒன்பதாம் சுற்றில் நடுவர் மார்க் நெல்சன் அப்படித்தான் எண்ணினார். மற்றபடி நடுவர் முன் இரண்டே வழிகள்: முடிப்பது அல்லது விட்டுவிடுவது. ஆகவே ஒருவர் விழாதவரை நடுவர் விட்டுக்கொண்டே போகிறார்.

1982 நவம்பர் 26 அன்று ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் லாரி ஹோம்ஸ் ராண்டால் ‘டெக்ஸ்’ காப்பை அடித்ததை இதற்கு உச்சமான உதாரணமாகச் சொல்வேன். பதினைந்து சுற்றுகள் நடந்தன. புள்ளி நடுவர்களில் இருவர் பதினைந்தையும் ஹோம்ஸுக்கே தந்தார்கள். ஆட்டம் எந்தக் கட்டத்திலும் போட்டியாக இருக்கவில்லை. காப் ஒருமுறைகூட விழவில்லை. அதனால் எவரும் நிறுத்தவில்லை. வர்ணனையாளர் ஹோவர்ட் கோசெல் அருவருப்படைந்து, தொழில்முறை குத்துச்சண்டைக்கு வர்ணனை செய்வதையே அதோடு விட்டார். கொரிய லைட்வெயிட் வீரர் கிம் டுக்-கூ, ரே மான்சினியின் அடியில் பதினான்காம் சுற்றில் சாய்ந்து சில நாளில் இறந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தச் சாவுக்குப் பிறகே உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் பட்டப் போட்டிகளைப் பன்னிரண்டு சுற்றுகளாகக் குறைத்தது.

கிம் ஆட்டத்தின் நடுவர் ரிச்சர்ட் கிரீன். அதற்கு இரண்டாண்டு முன்பு, 1980 அக்டோபர் 2 அன்று, லாஸ் வேகஸில் முகமது அலி–ஹோம்ஸ் ஆட்டத்துக்கும் அவரே நடுவர். அதே ஆண்டின் தொடக்கத்தில் சென்னை நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டி ஆடி, நம்மவர்களைச் சிரிக்கவைத்துவிட்டுப் போன அலிதான், 38 வயதில், பத்துச் சுற்றுகளையும் மூன்று புள்ளி நடுவர்களிடமும் இழந்தார். அவர் விழவில்லை. அந்த ஆட்டத்தை முடித்தது நடுவரல்ல. மூலையில் இருந்த பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ. 1975இல் மணிலாவில் பதினான்காம் சுற்றுக்குப் பின் ஜோ பிரேசியரை உட்காரவைத்ததும் அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச்தான். நின்றவர்களின் உயிரை மூலைகள் காத்திருக்கின்றன. நடுவர்கள் அவ்வளவாகக் காக்கவில்லை.

இங்கே எழும் மறுப்பு வலுவானது. 1950 முதல் 2007 வரை தலைக்காயத்தால் நேர்ந்த 339 தொழில்முறை வீரர்களின் மரணங்களைத் தொகுத்த ஆய்வில், 64 விழுக்காடு நாக்அவுட்டோடும் 15 விழுக்காடு டெக்னிக்கல் நாக்அவுட்டோடும் தொடர்புடையவை. அப்படியானால் வீழ்ச்சியைக் கண்டு அஞ்சும் நடுவர் சரியான இடத்தில்தானே அஞ்சுகிறார்? நான் அப்படிப் படிக்கவில்லை. நாக்அவுட் என்பது கடைசி நிகழ்ச்சி. அதற்கு முன்னிருந்த சுற்றுகளைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அதே ஆய்வில், எடை குறைந்த பிரிவுகளில்தான் மரணங்களின் பங்கு கூடுதல். ஒரே அடியின் பலம் மட்டும் கொல்வதாக இருந்தால் இந்தப் பட்டியலில் ஹெவிவெயிட் வீரர்கள் முந்தியிருக்க வேண்டும். சிறிய எடைக்காரர்கள் சீக்கிரம் விழுவதில்லை, அதனால் நெடுநேரம் அடி வாங்குகிறார்கள் என்பது என் ஊகம். எடை குறைக்கப் பட்டினி கிடந்து உடல் வறண்டுபோவதும் காரணமாகலாம். ஊகத்தை நிரூபணமென்று சொல்லமாட்டேன். 1933இல் ஹெவிவெயிட் வீரர் எர்னி ஷாஃப், பிரிமோ கார்னேராவின் சாதாரண இடக்கைக் குத்தொன்றில் பதின்மூன்றாம் சுற்றில் சரிந்து இறந்ததும் நினைவுக்கு வருகிறது. முந்தைய ஆண்டு மேக்ஸ் பேயரிடம் வாங்கிய அடியைத்தான் அன்று பலரும் குறை சொன்னார்கள். அவருக்கு மூளையுறை அழற்சி இருந்ததாகப் பிரேதப் பரிசோதனை காட்டியது. அந்தச் சாவின் காரணம் இன்றும் தெளிவில்லாதது.

கண்ணுக்குத் தெரிவதை நம்பும் பழக்கம் ரத்தத்திலும் வெளிப்படுகிறது. 2003 ஜூனில் விட்டாலி கிளிச்கோ மூன்று புள்ளித்தாள்களிலும் 58–56 என்று லூயிஸை முந்தியிருந்தார். கண்மேல் கிழிந்த காயத்தைப் பார்த்த மருத்துவர் ஆறாம் சுற்றின் முடிவில் ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார். பார்வை போகும் அபாயம் மெய்தான். அந்த நிறுத்தத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தோல் கிழிந்தால் மருத்துவர் மேடையேறுகிறார். மண்டைக்குள் ரத்தம் கசிந்தால் அவருக்கும் தெரிவதில்லை, நடுவருக்கும் தெரிவதில்லை.

நின்ற நிலையில் எண்ணும் வழக்கத்தைத் தொழில்முறைக்குத் திரும்பக் கொண்டுவரலாமா? காயமுற்றவருக்கு ஓய்வு கொடுத்து மேலும் அடி வாங்கவைக்கும் ஏற்பாடு அது என்று எதிர்ப்பவர்கள் சொல்வார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனாலும் நடுவருக்குக் கேள்வி கேட்க ஒரு நேரம் வேண்டும். சுற்றுகளுக்கு இடையிலான ஒரு நிமிடத்தில், இரண்டு சுற்றுகள் தொடர்ந்து ஒருதலையாகப் போனவரின் மூலைக்கு நடுவரும் மருத்துவரும் கட்டாயம் போய், எழுந்து நடக்கச் சொல்லிப் பார்ப்பது எளிய தொடக்கமாக இருக்கும். இதை மூலைக்காரர்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது. 2020இல் வைல்டருக்காகத் தோல்வியை ஏற்றுத் துண்டை வீசிய பயிற்சியாளர் மார்க் பிரீலாண்டை வைல்டரே வேலையிலிருந்து நீக்கினார்.

2013 நவம்பர் 2 அன்று நியூயார்க்கில் மகோமெத் அப்துசலாமோவ் மைக் பெரெஸோடு பத்துச் சுற்றுகள் ஆடினார். அதுவரை ஆடிய பதினெட்டிலும் நாக்அவுட்டில் வென்றவர் அவர். முகம் வீங்கியது, மூக்கு உடைந்தது, கன்ன எலும்பு முறிந்தது. அவர் விழவில்லை, எண்ணுவதற்கு எதுவும் நேரவில்லை. இடையிடையே யாராவது நடக்கச் சொல்லிப் பார்த்திருந்தால் ஏதேனும் தெரிந்திருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. புள்ளிகளில் தோற்று, தம் காலால் மேடையை விட்டு இறங்கி, மருத்துவமனைக்கு டாக்ஸி பிடித்துப் போனார். மூளையில் ரத்தம் கட்டியிருந்தது. அறுவைக்குப் பின் நினைவிழந்து கிடந்து, உயிர் பிழைத்து, வலப்பக்கம் செயலிழந்தார். 2017இல் நியூயார்க் மாநிலம் அவர் குடும்பத்துக்கு 2.2 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.