துண்டுக்குள் பேசிய விலை

தமிழகத்து மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் தோள்துண்டால் கைகளை மூடி, அதற்குள் ஒருவர் விரலை மற்றவர் பிடித்து விலை பேசும் வழக்கம், வாய்ப்பேச்சும் உடற்குறியும் அன்றாட வாழ்வில் தமக்குள் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் முறைக்குத் தெளிவான சான்றாகும். மாட்டு வியாபாரத்துக்கே உரிய நாட்டுப்புற வினோதமாக இது பெரும்பாலும் கருதப்படினும், மிளகும் வைரமும் கைமாறிய பெருஞ்சந்தைகளில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இது வேரூன்றியிருந்ததைப் பயணக் குறிப்புகள் காட்டுகின்றன. ஆகவே மாட்டுச் சந்தையை இவ்வழக்கத்தின் பிறப்பிடம் என்பதைவிட, அது கடைசியாக ஒதுங்கிய இடங்களுள் ஒன்று என்பதே பொருந்தும்.

சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் பயணத்தில் 1413ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த மா ஹுவான், கோழிக்கோட்டு வணிகர் கணக்கிடும் கருவி எதுவுமின்றிக் கைகால்களின் இருபது விரல்களைக் கொண்டே பிழையின்றிக் கணக்கிட்டதை வியப்புடன் பதிவுசெய்துள்ளார். சீனக் கப்பல்களின் சரக்குக்கு விலை முடிவானதும் இரு தரப்பாரும் கைகோத்து, இனி விலை ஏறினாலும் இறங்கினாலும் சொல் மாறுவதில்லை என்று உறுதி கூறினர் என்பதும் அவர் தரும் செய்தி. கை இங்கே கணக்கிடும் கருவியாகவும் ஒப்பந்தத்தை உறுதிசெய்யும் முத்திரையாகவும் இருந்திருக்கிறது. ஆனால் துணியைப் பற்றி அவர் குறிப்பிடவில்லை.

துணியைக் குறிப்பிடுபவர் இத்தாலியப் பயணி லுதோவிகோ தி வர்த்தேமா. 1510இல் ரோமில் அச்சான அவருடைய நூலின்படி, கோழிக்கோட்டில் வாங்குதலும் விற்றலும் தரகர் வழியாகவே நடந்தன. தரகர் ஒரு துணியை விரித்து, விற்பவரின் கையையும் தம் கையையும் அதனால் மூடி, விரல்களையும் விரற்கணுக்களையும் தொட்டே சிறுதொகை முதல் பெருந்தொகை வரை பேசி முடித்தார். பின்பு வாங்குபவரிடம் சென்று அதே முறையில் பேசினார். சுற்றிலும் ஆள் நிறைந்திருக்க, எண் மட்டும் எவர் காதிலும் விழவில்லை.

இம்முறையின் இலக்கணத்தை எழுதிவைத்தவர் என்று பிரெஞ்சு நகை வணிகர் ழான் பத்தீஸ்து தாவெர்னியேயைச் சொல்லலாம். 17ஆம் நூற்றாண்டில் பலமுறை இந்தியாவுக்கு வந்த அவர், கோல்கொண்டா வைரம் எனப் புகழ்பெற்ற கற்கள் தோண்டப்பட்ட தக்காணச் சுரங்கப் பகுதிகளில் நடந்த பேரத்தை 1676இல் வெளியான தம் நூலில் விவரிக்கிறார். வாங்குபவரும் விற்பவரும் எதிரெதிரே அமர்வர். ஒருவர் தம் இடுப்புக் கச்சையை அவிழ்க்க, விற்பவர் வாங்குபவரின் வலக்கையைப் பற்றி அக்கச்சையால் மூடுவார். முழுக்கையையும் பிடித்தால் ஆயிரம். எத்தனை முறை அழுத்துகிறாரோ அத்தனை ஆயிரம். ஐந்து விரல்களை மட்டும் பிடித்தால் ஐந்நூறு, ஒரு விரல் நூறு, விரலின் நடுக்கணு வரை பிடித்தால் ஐம்பது, நுனிக்கணு பத்து. ஒரே இடத்தில், பலர் பார்த்திருக்க, ஒரே பொட்டலம் ஐந்தாறு முறை கைமாறியும் எவ்விலைக்குப் போனது என்பது அருகிலிருந்தோருக்குத் தெரிந்ததில்லை என்கிறார் அவர்.

தாவெர்னியே தரும் இந்த வாய்பாட்டில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. ஓர் அயல்நாட்டார் அறிந்து அச்சிடும் அளவுக்கு அது வெளிப்படையானது. சந்தைக்கு வந்த வணிகர் அனைவருக்கும் அது பொதுச்சொத்து. ஆகவே மறைவு குறியில் இல்லை, துணியில்தான் இருந்தது. நன்னூல் தகுதி வழக்கின் மூன்று வகைகளுள் ஒன்றாகக் கூறும் குழூஉக்குறி, அதாவது ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் விளங்குமாறு வழங்கும் சொல், இதற்கு நேர்மாறானது: பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்றும் யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்றும் வழங்கியதாக உரைகாரர் காட்டும் சான்றுகளில் ஒலி வெளியே கேட்கிறது, பொருள்தான் மறைகிறது. குழூஉக்குறி என்றாவது ஒருநாள் வெளியாருக்கும் விளங்கிவிடும். துண்டுக்குள் நடக்கும் பேச்சோ, விதி முழுவதும் தெரிந்தவருக்கும் எட்டாது. அந்த வகையில் இது குழூஉக்குறியைவிடத் திறமான ஏற்பாடு என்றே மதிப்பிட வேண்டும்.

மாட்டுச் சந்தையில் இது நடைபெறும் விதம், பேச்சும் குறியும் ஒன்றையொன்று தாங்கிநிற்பதைக் காட்டுகிறது. அந்தியூர்க் குருநாதசாமி கோயிலின் ஆடித் திருவிழாச் சந்தையானாலும் வாரந்தோறும் கூடும் மணப்பாறைச் சந்தையானாலும், பேரம் தொடங்குமுன் மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்ப்பதும், ‘இரண்டு பல்’, ‘நாலு பல்’ என வயதைக் கணிப்பதும், சுழி பார்ப்பதும், நடக்கவிட்டுக் கால் பார்ப்பதும் எல்லாரும் அறிய உரத்த குரலில் நடப்பவை. தொகைக்கு வந்ததும் பேச்சு துண்டுக்குள் போய்விடும். தரகரின் முகம் வேறு பக்கம் திரும்பியிருக்க, வாய் மாட்டின் உழைப்பையும் குணத்தையும் புகழ்ந்துகொண்டிருக்க, விரல்கள் மட்டும் தொகையைச் சொல்லும். கட்டாது என்பவர் கையை உதறி இழுப்பதும், தரகர் அதை மீண்டும் பிடித்துத் துண்டை இழுத்து மூடுவதும் பேரத்தின் அங்கங்களே. ஒரு விரல் நூறா, ஆயிரமா, பத்தாயிரமா என்று எவரும் கேட்பதில்லை. மாட்டைப் பார்த்த கண்ணுக்கே அது தெரிந்திருக்கும் என்பது இம்முறையின் அடிப்படை எதிர்பார்ப்பு. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர் சந்தைக்குப் புதியவர் என்பது அக்கணமே வெளிப்பட்டுவிடும்.

மறைவினால் வணிகருக்கு விளைந்த நன்மைகள் உண்மையானவை. குறைத்துக் கேட்டவரும் கேட்டு மறுக்கப்பட்டவரும் ஊரார் முன் தலைகுனிய நேர்வதில்லை. ஒருவர் கேட்ட விலை அடுத்தவர் கேட்கப்போகும் விலைக்கு எல்லை வகுப்பதில்லை. பாரசீக வளைகுடாவின் முத்து வணிகரும் துணிக்கடியிலும், சீனத்துக் கால்நடை வணிகர் நீண்ட சட்டைக்கைக்குள்ளும் இதையே செய்ததற்கு இக்காரணங்களே போதும். ஆனால் மிகுந்த ஆதாயம் அடைந்தவர் தரகர் என்பதை மறைத்து இவ்வழக்கத்தைப் போற்றுவது நேர்மையாகாது. இரு துண்டுகளுக்குள்ளும் கைவிட்டவர் அவர் ஒருவரே. விற்பவருக்குச் சொன்ன தொகைக்கும் வாங்குபவருக்குச் சொன்ன தொகைக்கும் இடையிலான வேறுபாட்டை அவரன்றி வேறெவரும் அறிய வழியில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மாடு விற்க வரும் உழவர், நாள்தோறும் விரல் பிடிப்பவரோடு போட்டியிட வேண்டியிருந்தது.

விளைபொருள் சந்தைகளிலும் பரவியிருந்த இம்முறையை வேளாண் விற்பனைப் பாடநூல்கள் ‘ஹத்தா’ என்னும் பெயரால் குறிப்பிட்டு, விளைவிப்பவருக்குப் பாதகமானவற்றுள் ஒன்றாகச் சேர்க்கின்றன. 1928இல் அறிக்கை அளித்த அரச வேளாண்மை ஆணையம் ஒழுங்குமுறைச் சந்தைகளைப் பரிந்துரைத்ததும், சென்னை மாகாணத்தில் 1933இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டதும் இத்தகைய முறைகேடுகளைக் களையும் முயற்சியின் பகுதிகள். இன்று தமிழகத்தின் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் பருத்தியும் நிலக்கடலையும் பெரும்பாலும் ‘மறைமுக ஏலம்’ வழியாக விற்கப்படுகின்றன என்பது இவ்வரலாற்றின் சுவையான திருப்பம்: வணிகர் தாம் தரும் விலையை ஒருவர்க்கொருவர் தெரியாமல் சீட்டில் எழுதிக் கொடுப்பதே அம்முறை. மறைவு அங்கும் நீக்கப்படவில்லை. ஏலம் முடிந்ததும் சீட்டுகள் பிரிக்கப்பட்டு உச்ச விலை அறிவிக்கப்படுகிறது என்பதே வேறுபாடு. உழவருக்கு நியாயம் கிடைத்தது அந்த அறிவிப்பால்தான். துண்டுக்குள் முடிந்த பேரத்தில் கடைசிவரை இல்லாமல் போனதும் அதுவே.